வேலை மலையில், வீடு அடிவாரத்தில்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்களுக்கு அந்த மலையில் வீடு கிடையாது. அவர்கள் குடியிருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் (போடி), தேவாரம், உத்தமபாளையம், கம்பம் ஊர்களில். விடியுமுன்னே சோறாக்கித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஜீப் ஏறுகிறார்கள். போடியிலிருந்து போகும் வண்டிகள் முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகின்றன. அங்கிருந்து பூப்பாறை, ராஜகுமாரி, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பிரிகின்றன. சாயங்காலம் அதே வழியில் இறக்கம். இத்தனை பேர் தினமும் ஏறி இறங்குவதற்குக் காரணம் வேலையைப் போலவே வீடும்தான்.

மலையில் ஆட்களைக் குடிவைத்து வேலை வாங்கும் வழக்கம் தேயிலையோடு வந்தது. மூணாறு தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் குரங்கணிக்கு அருகே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. மேலே டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைச் சுமந்து வந்த சிறு ரயில்பாதையை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சரக்கு இறங்கிய இதே மலைச்சரிவுகள் வழியாகத்தான் ஆட்கள் ஏறினார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போன குடும்பங்களுக்குத் தோட்டத்துக்குள்ளேயே லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பு கட்டித் தரப்பட்டது. தேயிலைக்குக் கொழுந்து ஆண்டு முழுக்க எடுக்க வேண்டும். ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

ஏலத்தின் கணக்கு வேறு. ஆடி, ஆவணிக்குப் பிறகு தை, மாசி வரை காய் எடுப்பு சுற்றுச் சுற்றாக வரும். அந்த மாதங்களில் ஆள் போதாது, மற்ற மாதங்களில் அத்தனை பேர் வேண்டாம். தோட்டங்களிலும் பெரும்பாலானவை சிறியவை. சில ஏக்கர் வைத்திருப்பவர் லயம் கட்டி, தண்ணீர் கொண்டுவந்து, ஆண்டுதோறும் ஓடு மாற்றிப் பராமரிப்பதைவிட ஜீப் அனுப்புவது மலிவு.

சட்டமும் ஏலத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா தோட்டங்களுக்கு வீட்டு வசதியைக் கட்டாயமாக்கியது. ஏலக்காய் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 1981 திருத்தத்தில். அப்போதும் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் இருக்கும் தோட்டத்துக்கே அது கட்டாயமாக இருந்தது. வெளியே குடியிருக்கும் தொழிலாளி ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்து, வீடு வேண்டும் என்று எழுதிக் கேட்டால் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு தோட்டம், அடுத்த சுற்றுக்கு வேறு தோட்டம் என்று போகும் பெண்ணுக்கு அது எட்டாத பிரிவு.

லயம் கிடைத்தவர்கள் வாழ்ந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் குடும்பத்துக்கு ஓர் அறையும் அடுப்படியும் கிடைக்கும். வேலை இருக்கும்வரை வீடு உண்டு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டும். முப்பது நாற்பது வருடம் வாடகையில்லாமல் இருந்த குடும்பம் கடைசியில் சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லாமல் இறங்குகிறது. 2015இல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு நடத்திய போராட்டம் போனஸில் தொடங்கியது, ஆனால் ஒற்றை அறை லயமும் அவர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. தலைமுறைகளுக்கு முன்பு தென்மாவட்டங்களிலிருந்து ஏறிய குடும்பங்கள் அவை. எந்தச் சரிவில் வீடு அமைய வேண்டும் என்று அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்டதில்லை.

அடிவாரத்தில் நிலைமை என்ன? போடி ஏலக்காய் வணிகத்தின் ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும் இடுக்கியின் புற்றடியிலும் நடக்கிறது. மலையில் தோட்டம் வைத்திருக்கும் பலருக்கு வீடும் கடையும் போடியில். காய்க்கு விலை ஏறினால் அந்தப் பணம் இறங்கும் முதல் இடம் மனை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. மூன்று ஆண்டுகளுக்குள் சராசரி விலை 1,000 ரூபாயை ஒட்டி விழுந்தது. காய் விலை விழுந்தாலும் மனை விலை அதே வேகத்தில் விழுவதில்லை. கூலியோ இந்த இரண்டின் ஏற்றத்தையும் எட்டிப் பிடிப்பதில்லை.

தோட்ட வேலைக்குப் போகும் குடும்பம் இங்கே பிடிப்பது பெரும்பாலும் வளவு வீடு. ஒரு வாசல், நடுவில் பொது இடம், ஒரு தண்ணீர்க் குழாய், சுற்றிலும் நான்கைந்து குடித்தனம். மாத வாடகைக்குப் பதில் ‘ஒத்தி’க்கு எடுப்பதும் மதுரை, தேனி வட்டாரத்தில் வழக்கம். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் குறித்த காலம்வரை வாடகை கிடையாது. காலி செய்யும்போது தொகை அப்படியே திரும்பும். கையில் பணம் உள்ளவருக்கு நல்ல ஏற்பாடுதான். கூலிக் குடும்பம் அந்தத் தொகையை மகளிர் குழுக் கடனிலும் நகை அடகிலும்தான் புரட்டுகிறது. வாடகை இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம், வட்டிதான் வாடகை. கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் கூடுதல் தொகை கேட்டால் மறுபடி கடன் வாங்க வேண்டும், அல்லது ஊரின் ஓரத்துக்கு நகர வேண்டும். வளவை இடித்து மாடி கட்ட முடிவு செய்துவிட்டால் நான்கைந்து குடும்பமும் ஒரே நேரத்தில் வீடு தேடும். இடம் மாறுகிறவர்கள் ஜீப் ஏறும் முக்கிலிருந்து விலகிப் போவார்கள், அவர்களின் காலை இன்னும் அரைமணி நேரம் முன்னால் தொடங்கும்.

கட்டுப்படியாகும் வாடகை என்பதற்கு உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் வருமானத்தில் 30 சதவீதம். அமெரிக்காவில் அரசு வாடகை வீடுகளுக்கு வைத்த வரம்பிலிருந்து பரவியது அது. வாடகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று அங்கேயே சில ஆய்வாளர்கள் போக்குவரத்துச் செலவையும் கூட்டி, இரண்டும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். போடிக்கு இந்த இரண்டாவது கணக்கும் முழுதாகப் பொருந்தாது. ஜீப் கட்டணத்தைப் பெரும்பாலும் தோட்டக்காரர் தருகிறார். தொழிலாளி தருவது நேரம். கூலி கணக்கிடப்படுவது தோட்டத்தில் கால் வைத்த பிறகே, வளைவுகளில் கழியும் மணிநேரம் எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப் கவிழ்ந்தால் அதற்கும் விலை கொடுப்பவர் தொழிலாளியே.

சென்னையில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது அதன் வழியாக இருந்தது. நகரத்துக்குள் மனை விலை ஏற ஏற, 2000க்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டு வேலை, மீன் விற்பனை, சுமை தூக்குதல் எல்லாம் பழைய இடத்திலேயே நின்றன. கான்கிரீட் வீடு கிடைத்தது, பேருந்தில் இரண்டு பக்கமும் சேர்த்துச் சில மணிநேரம் போனது, பல பெண்கள் வேலையை விட்டார்கள். வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது, தூரம் மாறவில்லை.

போடியில் தூரத்தோடு மாநில எல்லையும் சேர்ந்துகொள்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை தொடர்பாக இரு மாநிலங்களுக்கும் இடையே எழுந்த பதற்றத்தின்போது இடுக்கித் தோட்டங்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் காட்டுவழியாக இறங்கி ஓடிவந்தார்கள். 2020 ஊரடங்கில் எல்லை மூடப்பட்டதும் ஜீப்புகள் நின்றன, வேலை மலையிலும் ஆள் கீழேயுமாக மாதங்கள் போயின. அடிவாரத்தில் குடியிருப்பவருக்கு ரேஷன் அட்டையும் வாக்கும் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியும் இங்கே. லயத்துக்குக் குடிபோகச் சொன்னாலும் பலர் தயங்குவதன் நியாயம் இதில் இருக்கிறது.

இதற்கிடையே மலையே மாறிக்கொண்டிருக்கிறது. சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் ஏலத்துக்கு மரங்கள் நிழல் தந்த சரிவுகளில் ரிசார்ட்டுகள் எழுந்துவிட்டன. 2007இல் மூணாறு பகுதியில் கேரள அரசு ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்தும் அந்தப் போக்கு நிற்கவில்லை. ஜீப்புகளில் ஒரு பகுதி கொழுக்குமலைச் சூரிய உதயம் காட்டப் போகிறது. தோட்டங்களில் தங்கி வேலை செய்ய ஜார்கண்ட், அசாம், மேற்கு வங்கத்து இளைஞர்கள் வந்திருக்கிறார்கள், பழைய லயங்களில் இப்போது இந்தி கேட்கிறது. தங்கும் ஆள் இருந்தால் ஏறி இறங்கும் ஆளின் பேரம் குறையும்.

அரசின் வீட்டுத் திட்டங்கள் இந்தக் குடும்பங்களைத் தொடுவது குறைவு. கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது, ஆனால் அது ஊராட்சிப் பகுதிகளுக்கானது, சொந்த மனைக்குப் பட்டா வேண்டும். நகராட்சிப் பகுதியில் தாமே வீடு கட்டிக்கொள்பவர்களுக்கான பிரதமர் வீட்டுத் திட்ட மானியத்துக்கும் மனை வேண்டும். வளவில் ஒத்திக்கு இருப்பவரிடம் மனையும் கிடையாது, பட்டாவும் கிடையாது. அவருக்கு உதவக்கூடியது மலைச்சாலை ஏறும் முனைகளுக்குப் பக்கத்தில் சின்ன மனையோ குறைந்த வாடகை வீடோதான்.

தேவாரத்துக்காரர்கள் நெடுங்காலமாகக் கேட்பது சாக்குலூத்து மெட்டுச் சாலை. இப்போது அவர்கள் போடிமெட்டு அல்லது கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிப்போகிறார்கள். நேர்வழி வனத்துக்குள் போகிறது, அனுமதிதான் முட்டுக்கட்டை. அது திறந்தால் பயணம் குறையும். தேவாரத்தில் மனை விலையும் ஒத்தித் தொகையும் ஏறும். தொழிலாளர்களுக்கான மனையைச் சாலைக்கு முன்பே ஒதுக்கி வைத்தால் பயணத்தில் மிச்சமாவது தொழிலாளிக்குச் சேரும், இல்லையென்றால் அதில் பெரும் பங்கு வீட்டுக்காரருக்குப் போகும்.