எக்ஸெல் சார்ட் திடீரெனத் திரும்பிக் கொண்டால்...

சென்ற மாதம் வரை ஒழுங்காக வந்து கொண்டிருந்த ரிப்போர்ட் அது. இந்த மாதமும் எண்கள் சரியாக உள்ளன, கூட்டலும் சரி. ஆனால் அதனுடன் வரும் சார்ட் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. கீழே வரிசையாக இருந்த பெயர்கள் பக்கத்தில் உள்ள வண்ணப் பட்டியலுக்குப் போய்விட்டன. வண்ணப் பட்டியலில் இருந்தவை கீழே வந்துவிட்டன. எக்ஸெல் கெட்டுவிட்டதோ, வைரஸ் புகுந்துவிட்டதோ என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயப்படுவதுண்டு. பயப்பட வேண்டாம். எக்ஸெல் தன் விதிப்படிதான் நடந்து கொண்டுள்ளது. அந்த விதி என்ன, அதை நம் விருப்பப்படி மாற்றுவது எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கக் கணக்கு உங்கள் பொறுப்பில் இருப்பதாக வைத்துக் கொள்வோம். தண்ணீர் லாரி, மின் கட்டணம், ஜெனரேட்டர் டீசல், லிப்ட் பராமரிப்பு, வாட்ச்மேன் சம்பளம் என 5 செலவுகள். இவை ஒன்றன் கீழ் ஒன்றாக படுக்கை வரிசைகளில் உள்ளன. ஏப்ரல், மே, ஜூன் என மாதங்கள் பக்கவாட்டில் நெட்டு வரிசைகளாகச் சேர்ந்து கொண்டே போகின்றன. நண்பர் ஒருவர் எழுதித் தந்த மேக்ரோவை இயக்கினால், மாதா மாதம் புதிய சார்ட் தானாகத் தயாராகிவிடும்.

ஜூலையில் எடுத்த சார்ட்டில் செலவுகளின் பெயர்கள் கீழே உள்ளன. ஒவ்வொரு செலவுக்கும் 4 தூண்கள். நீல நிறம் என்றால் ஏப்ரல். தண்ணீர் லாரிக்கு ஏப்ரலில் 12,000, மே மாதம் 18,000, ஜூனில் 21,000 ரூபாய் என்று ஏறியது பளிச்செனத் தெரிகிறது. செப்டம்பரில் எடுத்த சார்ட்டிலோ மாதங்கள் கீழே வந்துவிட்டன. இப்போது நீல நிறம் என்றால் தண்ணீர் லாரி! இரண்டையும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் அடுத்தடுத்து ஒட்டினால் என்ன ஆகும்? ஒரே நிறத்திற்கு இரண்டு பொருள். எந்தச் செலவு கூடியது, எது குறைந்தது என்பது குழம்பிப் போகும். கணக்கைச் சரியாக எழுதிய உங்களைத்தான் கூட்டத்தில் கேள்வி கேட்பார்கள்.

எக்ஸெல் எப்படி முடிவு செய்கிறது?

புதிய சார்ட் ஒன்றை உருவாக்கும்போது, படுக்கை வரிசைகள் எத்தனை, நெட்டு வரிசைகள் எத்தனை என்று எக்ஸெல் எண்ணிப் பார்க்கிறது. எது அதிகமோ அதை சார்ட்டின் கீழ் அச்சில் வைக்கிறது. குறைவாக உள்ளதை 'சீரிஸ்' ஆக, அதாவது தனித்தனி வண்ணமாக, அமைத்துக் கொள்கிறது.

ஜூலையில் செலவுகள் 5, மாதங்கள் 4. எனவே செலவுகள் கீழே வந்தன. செப்டம்பரில் செலவுகள் அதே 5. மாதங்களோ 6 ஆகிவிட்டன. எனவே மாதங்கள் கீழே வந்தன. ஏற்கனவே உள்ள சார்ட் இப்படித் தானாகத் திரும்புவதில்லை. மாதா மாதம் புதிதாக உருவாக்கப்படும் சார்ட்டில்தான் இந்தச் சிக்கல் வருகிறது.

ஒரே கிளிக்கில் திருப்ப

சார்ட்டின் மீது ஒருமுறை கிளிக் செய்திடுங்கள். மேலே 'சார்ட் டிசைன்' என்ற டேப் தோன்றும். (எக்ஸெல் 2007, 2010 பதிப்புகளில் 'சார்ட் டூல்ஸ்' என்பதன் கீழ் 'டிசைன்' என்று இருக்கும்.) அதில் 'டேட்டா' என்ற பிரிவில் உள்ள 'ஸ்விட்ச் ரோ/காலம்' என்பதில் கிளிக் செய்திடவும். சார்ட் திரும்பிவிடும். பிடிக்கவில்லை என்றால் மீண்டும் அதையே கிளிக் செய்யலாம். அல்லது கண்ட்ரோல் + இஸட் அழுத்தலாம்.

மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸெல் 2003ஐ பழைய கம்ப்யூட்டரில் இன்னும் வைத்திருப்பவர்கள், சார்ட்டைத் தேர்ந்தெடுத்து 'சார்ட்' மெனுவில் 'சோர்ஸ் டேட்டா' செல்ல வேண்டும். 'டேட்டா ரேஞ்ச்' டேபில் 'சீரிஸ் இன்' என்ற இடத்தில் 'ரோஸ்' அல்லது 'காலம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கூகுள் ஷீட்ஸில் சார்ட் எடிட்டரின் 'செட்டப்' பகுதியில் இதற்கென ஒரு டிக் பாக்ஸ் உள்ளது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் சார்ட்டில் டபுள் கிளிக் செய்து, பின் ரைட் கிளிக் செய்தால் 'டேட்டா ரேஞ்சஸ்' கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: உங்கள் சார்ட், பிவட் டேபிளிலிருந்து வந்த பிவட் சார்ட் என்றால், சார்ட்டைத் திருப்பும்போது டேபிளின் அமைப்பும் சேர்ந்து மாறிவிடும்.

மாதா மாதம் தொல்லை வராமல் இருக்க

1. ஆண்டு முழுவதற்கும் இடம் விடுங்கள்: ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 தலைப்புகளையும் முதலிலேயே டைப் செய்துவிட்டு, அந்த 12 நெட்டு வரிசைகளையும் சேர்த்தே சார்ட் உருவாக்குங்கள். வராத மாதங்கள் காலியாக இருக்கட்டும். 12 எப்போதும் 5ஐ விட அதிகம் என்பதால் மாதங்கள் எப்போதும் கீழேயே இருக்கும். சார்ட்டின் வலப்பக்கம் முதலில் வெறுமையாகத் தெரியும். மாதங்கள் செல்லச் செல்ல நிரம்பிவிடும்.

2. மேக்ரோவில் சொல்லிவிடுங்கள்: மேக்ரோவை எழுதித் தந்தவரிடம், 'பிளாட் பை' மதிப்பைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். இதன் மதிப்பு 1 எனில் படுக்கை வரிசைகள் சீரிஸ் ஆகும்; 2 எனில் நெட்டு வரிசைகள் சீரிஸ் ஆகும். இதைக் கூறாமல் விட்டால்தான் எக்ஸெல் தானாக எண்ணிப் பார்த்து முடிவெடுக்கிறது.

3. மூலை செல்லைக் காலியாக விடுங்கள்: தலைப்புகள் 2023, 2024 என ஆண்டுகளாக இருந்தால் எக்ஸெல் அவற்றையும் செலவுத் தொகை என்று எண்ணி தூண் வரைந்துவிடலாம். டேபிளின் இடது மேல் மூலை செல்லில் எதையும் டைப் செய்யாவிட்டால் இது நேராது.

படுத்திருக்கும் சார்ட்

பெயர்கள் நீளமாக இருந்தால், நிற்கும் தூண்களின் கீழே அவை சாய்ந்து போய் படிக்க முடியாது. அப்போது 'சேஞ்ச் சார்ட் டைப்' சென்று 'பார்' வகையைத் தேர்ந்தெடுங்கள். தூண்கள் படுக்கையாகிவிடும், பெயர்கள் இடப்பக்கம் நேராக வரும். ஆனால் ஷீட்டில் முதலில் உள்ள பெயர் சார்ட்டில் அடியில் இருக்கும். பெயர்கள் உள்ள அச்சில் ரைட் கிளிக் செய்து 'பார்மட் ஆக்ஸிஸ்' சென்று, 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதில் டிக் செய்திடவும். இதனால் எண்கள் மேலே போய்விடும். அதே இடத்தில் 'அட் மேக்ஸிமம் கேட்டகரி' என்பதையும் தேர்ந்தெடுத்தால் அவை கீழே வந்துவிடும்.

எதைக் கீழே வைப்பது?

ஒவ்வொரு செலவும் மாதத்திற்கு மாதம் எப்படிக் கூடுகிறது என்று தூண்களில் காட்ட வேண்டுமானால் செலவுகளைக் கீழே வையுங்கள். ஒரு மாதத்தில் எந்தச் செலவு அதிகம் என்று காட்ட மாதங்களைக் கீழே வையுங்கள். கோடாக வரையும் 'லைன்' சார்ட் என்றால் மாதங்கள் கீழே இருப்பதுதான் சரி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆண்டு முழுவதும் அதையே பின்பற்றுங்கள். அப்போதுதான் சென்ற மாதத் தாளையும் இந்த மாதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவரும் ஒப்பிட முடியும்.

இன்றே உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரு சார்ட் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அதே எண்கள்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்வதை உடனே உணர்வீர்கள்.