ஜெபமும் மருந்தும்: குடிநோயாளரின் குடும்பத்தார்க்கு

ஜெபக் கூட்டமொன்றில் ஒருவர் கண்ணீரோடு எழுந்து நின்று, "இனி மதுவைத் தொடமாட்டேன்" என்று பொருத்தனை செய்து வீடு திரும்புகிறார். குடும்பமே மகிழ்கிறது. மறுநாள் அவருக்குக் கைகள் நடுங்குகின்றன, உறக்கம் வருவதில்லை. மூன்றாம் நாள் சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கூறுகிறார். அங்கு இல்லாதவர்களோடு பேசுகிறார். பேய் பிடித்ததோ என அஞ்சும் வீட்டார், மீண்டும் ஜெபத்திற்கே அழைத்துச் செல்கின்றனர். இவ்வாறு காலம் கடந்தபின் கொண்டுவரப்படுவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

அவருடைய பொருத்தனையிலோ விசுவாசத்திலோ குறையில்லை. நாள்தோறும் மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென நின்றவுடன் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியுறுகிறது. நடுக்கமும் வியர்வையும் முதல் 24 மணி நேரத்திற்குள் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்திற்குள் வரும். மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் 2 முதல் 4 நாள்களுக்குள் தோன்றும். இந்நிலை உரிய சிகிச்சையின்றி உயிரையே பறிக்கக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பில் சில நாள்கள் மருந்தும், தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசியும் பெற்றால் பெரும்பாலோர் இதனைப் பாதுகாப்பாகக் கடந்துவிடுவர். ஆகவே, பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் நிறுத்த முடிவு செய்தால், அந்த முடிவோடு முதலில் மருத்துவமனைக்கு வரவேண்டும்.

எனினும் எங்கள் பணிக்கும் ஓர் எல்லை உண்டு. உடலின் நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கலாம். குடிக்கும் வேட்கை மாதக்கணக்கில் நீடிக்கும். சம்பள நாள் மாலையில், பழைய நண்பர்கள் அழைக்கும்போது, நாங்கள் அருகில் இருப்பதில்லை. அங்கேதான் திருச்சபைகளின் ஆதரவுப் பணி இன்றியமையாததாகிறது.

இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குச்சந்தையில் பணியாற்றிய பில் வில்சனும், அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளர்கள், இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்னும் கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்புடையோர். அச்சந்திப்பிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. இன்று அது எச்சமயத்தையும் சாராமல் எல்லாரையும் வரவேற்கிறது.

குடிநோயாளரைச் சேர்க்க மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. 1939இல், அந்நகரின் புனித தோமா மருத்துவமனையில் சேர்க்கைப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, ஸ்மித்தின் நோயாளி ஒருவரை 'இரைப்பை அழற்சி' என்று பதிவு செய்து உள்ளே சேர்த்தார். 1950இல் ஸ்மித் மறையும் வரை, ஏறத்தாழ 5,000 பேர் அவர்கள் இருவரின் பராமரிப்பைப் பெற்றனர். வீடு திரும்புவோரிடம் சகோதரி, திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நேர்ந்தால், அதற்கு முன் அச்சின்னத்தைத் தம்மிடம் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. வேட்கைக்கும் முதல் மிடற்றுக்கும் இடையே ஒரு மனிதரைச் சந்திக்கும் கட்டாயத்தை அது உண்டாக்கியது. எந்த மாத்திரையாலும் அதனைச் செய்ய இயலாது.

உங்கள் பகுதியில் இத்தகைய குழுவையோ இல்லத்தையோ நாடும்போது சிலவற்றைக் கேட்டறியுங்கள். மருத்துவர் தந்த மருந்துகளைத் தொடர அனுமதிக்கிறார்களா? தேவையானபோது மருத்துவமனைக்கு அனுப்புகிறார்களா? பிற சமயத்தாரை மதம் மாற வற்புறுத்தாமல் ஏற்கிறார்களா? கட்டிவைத்தல், அடித்தல், பட்டினி போடுதல் ஆகியவை நடக்கும் இடம் எப்பெயரில் இயங்கினாலும் அங்கு விட்டுவிடாதீர்கள்.

டைசல்ஃபிராம் மாத்திரை உட்கொள்வோர் தங்கள் போதகரிடம் அதனைத் தெரிவிக்கவேண்டும். திருவிருந்தில் வழங்கப்படும் ஒரு மிடறு மதுவும் அவர்களுக்குக் கடும் உபாதை தரலாம். புளிக்காத திராட்சைச் சாற்றைக் கேட்டுப் பெறலாம். இம்மாத்திரையை அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கவே கூடாது; அது உயிருக்கு ஆபத்து.

குடும்பத்தாருக்கும் துணை வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தோழியருடன் தொடங்கிய அல்-அனான் குழுக்கள், குடிநோயாளரின் வீட்டாருக்கென்றே கூடுகின்றன. வழிகாட்டுதலுக்கு 14446 என்னும் கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணையும் அழைக்கலாம்.

மீண்டும் ஒருமுறை அவர் குடித்துவிட்டால், "எல்லாம் வீண்" என்று கைவிடாதீர்கள். நீரிழிவு கூடுவதுபோல இந்நோயும் திரும்பிவரும் இயல்புடையது. அன்று அவரைப் போதகரிடமும் அழைத்துச் செல்லுங்கள். எங்களிடமும் அழைத்து வாருங்கள். எதற்காக மீண்டும் வந்தீர்கள் என்று நாங்கள் கேட்கமாட்டோம்.