ஒரே எழுத்து, இரண்டு முகவரி

புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் கடிதம் தேடிவந்த கதை பலருக்குத் தெரியும். பல லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். “எந்த ராணி? மேல் லயமா, பணிய லயமா?” என்ற விசாரணை தப்பினால், கடிதம் வேறொரு ராணியின் கைக்குப் போய்விடும்.

அதே சிக்கல் இன்று கணினிக்குள்ளும் உண்டு. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க மின்னணுப் பரிமாற்றச் சட்டம் மின் கையொப்பத்தை ஏற்றுக்கொண்டது. அத்தகைய கையொப்பத்துக்கான டிஜிட்டல் சான்றிதழை லங்காசைன் போன்ற சேவைகள் வழங்குகின்றன. ஒருவரின் பொதுத் திறவுகோலையும் அவருடைய பெயர், மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துக் கட்டி, வழங்குபவர் கையொப்பமிட்டுத் தரும் ஆவணம் அது. ஒருவருக்கு மறையாக்கம் செய்து மடல் அனுப்ப, முதலில் அவருடைய சான்றிதழைத் தேடி எடுக்கவேண்டும்.

மைக்ரோசாப்டின் டாட்நெட் நூலகத்தில் சான்றிதழ் தேடும் வழிகள் பல இருந்தும், மின்னஞ்சலுக்கென்று தனிவழி இல்லை. பலர் பெயர்த் தேடலையே நாடுகிறார்கள். அதுவோ எழுத்துத் துண்டு பொருந்தினாலே போதுமென்று எடுத்துத் தரும்: ‘ராணி’யைக் கேட்டால் ‘மகாராணி’யும் வருவாள். சரியான வழி, ஒவ்வொரு சான்றிதழிலும் மாற்றுப்பெயர்ப் பகுதியைத் திறந்து, அங்குள்ள முகவரியை முழுமையாக ஒப்பிடுவதே.

முகவரி தமிழில் இருந்தால்? ‘.இலங்கை’ என்ற இணையப் பெயர் 2010 முதல் உண்டு. சான்றிதழில் தமிழ் முகவரியை எழுதும் முறையை 2018இல் ஆர்எஃப்சி 8398 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது. இனி ‘புளத்கொகுபிட்டிய’ என்ற ஊர்ப்பெயரிலுள்ள ‘கொ’வைப் பாருங்கள். ‘க’வோடு ‘ொ’ என்ற ஒற்றைக் குறியைச் சேர்த்தும் அதைச் சேமிக்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இம்மியும் வேறுபாடில்லை. யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் முன்னது 6 பைட், பின்னது 9 பைட். முகவரிகளை ஒப்பிடும்போது பைட்டுக்குப் பைட் பொருந்தவேண்டும் என்பதே விதி. அதனால் கண்ணுக்கு ஒன்றான முகவரி கணினிக்கு இரண்டாகிவிடுகிறது.

மருந்து எளியது. சான்றிதழ் வழங்கும்போதும் தேடும்போதும் முகவரியை யுனிகோடின் என்எஃப்சி என்ற சீர்வடிவுக்கு மாற்றவேண்டும். கிடைத்த பிறகும் காலாவதி, இரத்து, வழங்கியவரின் கையொப்பம் மூன்றையும் சரிபார்க்கவேண்டும். முகவரி பொருந்துவது ஆளைக் காட்டும். நம்பலாமா என்பதை இந்தச் சோதனைதான் சொல்லும்.

நிரல் எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சோதனைத் தரவில் ‘கொ’ உள்ள ஒரு முகவரியை இரு வடிவிலும் போட்டுப் பாருங்கள். அப்படிச் செய்யாவிட்டால், தன் பெயரைச் சரியாகவே எழுதிய ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குத் திரை “சான்றிதழ் இல்லை” என்று சொல்லும்; பிழை தன்னுடையதென்றே அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.