ஆர்தர் கிளார்க்கின் கணக்குகளும் கைகூடாத ஓர் ஆசையும்

செய்மதியைக் கண்டுபிடித்தவர் என்றும், வருவதை முன்கூட்டியே உரைத்த தீர்க்கதரிசி என்றும் ஆர்தர் சி. கிளார்க்கை நம் நாட்டிற் பலர் அறிந்து வைத்துள்ளனர். பாடசாலைகளின் பொது அறிவுப் போட்டிகளில் அவரது பெயர் விடையாக வருவதுமுண்டு. 1956ஆம் ஆண்டு இலங்கையிற் குடியேறி, 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பிற் காலமாகும் வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிருந்தே எழுதிய ஒருவரைப் பற்றி நாம் அறிந்திருப்பது இவ்வளவுதான். அறிந்திருக்கும் இவ்விரண்டும் கூடச் சரியானவை அல்ல. செய்மதியை அவர் கண்டுபிடிக்கவில்லை. தீர்க்கதரிசி என்ற பட்டத்தையும் அவர் விரும்பி ஏற்றவரல்லர். கிளார்க் செய்தது கணக்கு. அவருடைய கதைகளின் பலமும் பலவீனமும் அந்தக் கணக்கிலேயே தங்கியிருந்தன எனலாம்.

அவர் 1917 டிசெம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் மேற்குப் புறத்தே மைன்ஹெட் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திற் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தமையால் பல்கலைக்கழகம் செல்ல வசதியிருக்கவில்லை. 1936இல் இலண்டனுக்குச் சென்று அரசாங்கக் கணக்காய்வு உத்தியோகத்தில் அமர்ந்தார். ஓய்வூதியக் கணக்குகளைச் சரிபார்ப்பதே அவருடைய வேலை. பகலில் ஓய்வூதியக் கணக்கு, இரவில் விண்வெளிக் கணக்கு என அவருடைய இளமை கழிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையிற் சேர்ந்து, மூடுபனியில் வழி தெரியாது தத்தளிக்கும் விமானங்களை ராடரின் துணையுடன் தரையிறக்கும் பணியில் ஈடுபட்டார். போர் முடிந்த பின்னரே இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று, 1948இல் பௌதிகவியலிலும் கணிதத்திலும் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார்.

அவருடைய பெயரை நிலைக்கச் செய்த கட்டுரை, அவர் பட்டம் பெறுவதற்கு முன்னரே வெளிவந்து விட்டது. 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற சஞ்சிகையில் அது வெளியாயிற்று. அதிலிருந்த கணக்கு எளிமையானது. பூமிக்கு அண்மையிற் சுற்றும் ஒரு பொருள் ஏறத்தாழ 90 நிமிடங்களிற் பூமியை ஒரு முறை வலம் வந்துவிடும். சுமார் 3 இலட்சத்து 84 ஆயிரம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள சந்திரனுக்கோ 27 நாட்களுக்கு மேல் வேண்டும். அப்படியாயின் இடையில் எங்கோ ஓர் உயரத்தில், ஒரு நாளில் ஒரு சுற்றை முடிக்கும் பாதை இருந்தே ஆக வேண்டும். மத்திய கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் அது உள்ளது. அங்கே நிறுத்தப்படும் ஒரு பொருள் பூமியுடன் சேர்ந்தே சுழல்வதால், கீழே நிற்பவரின் கண்ணுக்கு வானில் அசையாது நிற்பது போலத் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்களைச் சம இடைவெளியில் வைத்தால், துருவங்களை ஒட்டிய பகுதிகள் நீங்கலாக உலகம் முழுவதற்கும் வானொலியையும் தொலைக்காட்சியையும் அஞ்சல் செய்யலாம் என அவர் காட்டினார். நம் வீட்டுக் கூரைகளிலுள்ள டிஷ் அன்ரெனாக்களை ஒரு முறை பொருத்திய பின்னர் திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லாதிருப்பது இதனாலேயே.

அந்தப் பாதை பற்றி ஹெர்மன் பொட்டோச்னிக் என்ற பொறியியலாளர் 1920களின் இறுதியிலேயே எழுதியிருந்தார். உலகத் தொடர்பாடலுக்கு அதனைப் பயன்படுத்தும் திட்டத்தை விரிவாக வகுத்தமையே கிளார்க்கின் பங்களிப்பு. கட்டுரைக்குக் கிடைத்த சன்மானம் 15 பவுண். காப்புரிமை எடுக்காமற் கோடிக்கணக்கான பணத்தை இழந்தது எப்படி என்று பின்னாளில் அவரே வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார். உண்மையில், அவர் காப்புரிமை எடுத்திருந்தாலும், 1965 ஏப்ரலில் முதலாவது வர்த்தகத் தொடர்பாடற் செய்மதி ஏவப்படுவதற்கு முன்னரே அது காலாவதியாகியிருக்கும்.

இக்கட்டுரையில் ஒரு தவறும் உண்டு. தமது நிலையங்களில் மனிதர்கள் தங்கியிருந்து வேலை செய்வார்கள் என்றே கிளார்க் எண்ணினார். அது வால்வு வானொலிப் பெட்டிகளின் காலம். எரிந்து போகும் வால்வுகளை மாற்றுவதற்கு ஆள் வேண்டாமா? திரான்சிஸ்டர் வந்து அத்தேவையை இல்லாமற் செய்துவிடும் என்பது 1945இல் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உயரமும் வேகமும் துல்லியமாகச் சரி. அங்கே யார் இருப்பார்கள் என்பது பிழை. அவருடைய பிற்காலத்துப் பல எதிர்வுகூறல்களிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம்.

விண்வெளியைப் பற்றி எழுதியவர் இலங்கைக்கு வந்தது கடலுக்காக. நிறையற்ற நிலையைப் பூமியில் இருந்தபடியே அனுபவிப்பதற்குக் கடலடியே மிக நெருங்கிய இடம் என்று அவர் கண்டுகொண்டார். 1954 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவின் பவளப் பாறைகளைக் காணச் சென்ற கப்பல் கொழும்பில் அரை நாள் தரித்து நின்றது. அந்த அரை நாளே அவரை இங்கு அழைத்து வந்தது. 1956இல் நண்பர் மைக் வில்சனுடன் வந்து, கரையோரமெங்கும் சுழியோடினார்.

தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய பகுதி இதுவே. திருகோணமலையிற் கோணேசர் ஆலயம் அமைந்துள்ள பாறையின் அடிவாரத்தில், கடலுக்கடியில் அவ்விருவரும் சுழியோடியபோது, செதுக்கப்பட்ட தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டனர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய ஆலயத்தின் எச்சங்களே அவை. 1957இல் வெளிவந்த 'தப்ரபேனின் பவளப் பாறைகள்' என்ற நூலில் அவர் இதனைப் பதிவு செய்துள்ளார். ஏடுகளிலும் வாய்மொழியிலும் சொல்லப்பட்டு வந்த ஓர் அழிவுக்குக் கடலடியிற் சான்று உண்டு என்பதை, எந்த மதத்தையும் சாராத ஓர் ஆங்கிலேயர் உலகுக்கு எடுத்துரைத்தார். மைக் வில்சனின் கதை இன்னும் விசித்திரமானது. முதலாவது வர்ணச் சிங்களத் திரைப்படமான 'ரன் முத்து தூவ'வை 1962இல் உருவாக்கிய அவர், பின்னர் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கியாகி, கதிர்காமக் கந்தனின் அடியவரானார்.

மற்றொரு கண்டெடுப்பு தென்கிழக்குக் கரைக்கப்பால் நிகழ்ந்தது. இராவணன் கோட்டை என்று வழங்கப்படும் பாறைத் தொடரில், கிரேட் பாஸஸ் வெளிச்சவீட்டுக்கு அருகே, 1961 மார்ச்சில் மைக் வில்சனும் இரு அமெரிக்கச் சிறுவர்களும் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டனர். அதிற் கட்டி கட்டியாக ஒட்டிப் போயிருந்த வெள்ளி நாணயங்கள் இருந்தன. அவை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரைப் பாரசீக எழுத்திற் தாங்கி, சூரத் நாணயசாலையில் ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டில், அதாவது 1702ஐ ஒட்டி அச்சிடப்பட்டவை. இந்துமாக்கடலின் முஸ்லிம் வணிக உலகம் எவ்வளவு பரந்திருந்தது என்பதற்கு அந்த வெள்ளி ஒரு சாட்சி. 1964இல் கிளார்க் அதைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அதற்கிடையில், 1962இல், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கிவிட்டது. ஓரளவு குணமடைந்தாலும் அதன் பின்விளைவு முதுமையில் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது.

அவரை உலகப் புகழ்பெறச் செய்தது, ஸ்டான்லி குப்ரிக்குடன் இணைந்து உருவாக்கிய '2001: ஒரு விண்வெளிப் பயணம்'. திரைப்படமும் நாவலும் 1968இல் வெளிவந்தன. நம்மைப் பொறுத்தவரை முக்கியமானது 1979இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நாவல். அறிவியற் புனைகதைக்கான ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு விருதுகளையும் அது பெற்றது. வானில் அசையாது நிற்கும் அதே 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து தரை வரை ஒரு வடத்தைத் தொங்கவிட்டு, அதில் மின்னுயர்த்தியை ஓடவிட்டால் உந்துகணை இல்லாமலே விண்வெளிக்குச் செல்லலாம் என்பது கதையின் அடிப்படை. இதுவும் அவருடைய சொந்த எண்ணமல்ல. ரஷ்யப் பொறியியலாளர் யூரி ஆர்சுத்தனோவ் 1960இலேயே இதனை எழுதியிருந்தார். இத்தகைய வடத்தின் அடி மத்திய கோட்டில் இருக்க வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே உள்ளது. ஆகவே கிளார்க் இத்தீவைக் கற்பனையில் ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார். கதைக்காக ஒரு நாட்டையே இழுத்துச் சென்ற அவர், கணக்கை மட்டும் வளைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாவலில் அந்த வடம் இறங்க வேண்டிய மலை ஸ்ரீ கந்த. அதன் மூலம் நம் சிவனொளிபாதமலை. முஸ்லிம்களின் பாவா ஆதம் மலை. கோட்டை கட்டிய மன்னனின் கதை சிகிரியாவின் காசியப்பனுடையது. மலையுச்சியில் பௌத்த மடாலயம் ஒன்றிருக்க, துறவிகளுக்கும் பொறியியலாளர் வன்னவார் மோர்கனுக்கும் இடையே இழுபறி நடக்கின்றது. மிகச் சிறந்த நாவல். ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியாது. 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் வந்திறங்கி அம்மலைக்குச் செல்ல விரும்பியபோது, பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பியவர் ஆரியச் சக்கரவர்த்தி. முஸ்லிம் யாத்திரிகர், தமிழ் மன்னன், பௌத்தர்கள் வணங்கும் மலை என மூன்றும் சேர்ந்த வரலாறு அது. கிளார்க்கின் கதையில் மோதல் நம்பிக்கைக்கும் பொறியியலுக்கும் இடையிலானது. ஒரே மலைக்குப் பல பெயரிட்டு, பல பாதைகளால் ஏறும் மக்களிடையிலான உறவை அது தன் பொருளாகக் கொள்ளவில்லை. மதங்கள் காலப்போக்கில் தாமாகவே தேய்ந்துவிடும் என அவர் உறுதியாக நம்பியமையும் இதற்கு ஒரு காரணமாகலாம். அந்த நம்பிக்கை இந்நாட்டிற் பலித்ததாகச் சொல்வதற்கில்லை.

எழுதியதைத் தாமே வாழ்ந்து பார்த்தவர் அவர் என்பதையும் குறிப்பிட வேண்டும். எங்கிருந்தாலும் இலண்டனில் இருப்பது போலவே தொழில் செய்யும் காலம் வரும் என 1964இல் பீ.பீ.சி. தொலைக்காட்சியிற் கூறியிருந்தார். இலங்கையில் தொலைக்காட்சி ஆரம்பமானது 1979இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1975இல், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தினர் தமது செய்மதிக் கல்வி ஒளிபரப்புப் பரிசோதனையையொட்டி அவருடைய கொழும்பு இல்லத்தில் அன்ரெனா பொருத்திக் கொடுத்தனர். 1980களின் முற்பகுதியில், '2010' திரைப்படத்தின் இயக்குநருடன் கொழும்பிலிருந்து கணினி வழியாகவே கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

2001 நாவலில், சந்திரனுக்குச் செல்லும் விஞ்ஞானி ஒருவர் மெல்லிய பலகை போன்ற கருவியில் உலகப் பத்திரிகைகளை வாசித்துக் கொண்டு போகிறார். வாசிக்கும் சாதனம் இவ்வளவு முன்னேறியும், அது சுமந்து வரும் செய்திகள் அற்பமாகவும் சோர்வூட்டுவதாகவும் இருப்பதை நினைத்துக் கொள்கிறார். பத்திரிகைத் தொழிலில் இருப்போர் அந்தப் பக்கத்தைச் சற்றுக் கூச்சத்துடனேயே கடக்க வேண்டியுள்ளது. கருவி வந்துவிட்டது. ஆனால் 2001இல் சந்திரனில் மனிதக் குடியிருப்பு இருக்கவில்லை. பயணிகளை ஏற்றிச் செல்வதாகத் திரைப்படத்திற் காட்டப்பட்ட பான் அமெரிக்கன் விமான நிறுவனமும் 1991இலேயே மூடப்பட்டுவிட்டது. பௌதிகவியல் அனுமதித்ததை அவர் கணித்தார். அரசியலும் பணமும் எதனை அனுமதிக்கும் என்பது அவருடைய சமன்பாட்டில் அடங்கவில்லை.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஹிக்கடுவையிலிருந்த அவருடைய சுழியோடல் நிலையத்தை அழித்தது. 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தைக் கடல் அலை வந்தடைந்ததை, 1957ஆம் ஆண்டு நூலிலேயே அவர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை இந்நாட்டில் யாரும் எச்சரிக்கையாக எடுத்துக் கொள்ளவில்லை. அவரும் அவ்வாறு எழுதியிருக்கவில்லை.

சமாதானத்தைப் பற்றி அவர் ஒருமுறை கதை எழுதியிருக்கிறார். 1953இல், இலங்கைக்கு வருவதற்கு முன்னர் வெளியான 'குழந்தைப் பருவத்தின் முடிவு' என்ற நாவலில், வேற்றுலகத்தவர் பாரிய கலங்களில் வந்து நகரங்களுக்கு மேலே நிற்கின்றனர். யுத்தங்கள் ஓய்கின்றன, வறுமை நீங்குகின்றது. மனிதர்கள் ஐம்பது ஆண்டுகள் கழித்தே தம்மை ஆள்பவர்களின் முகத்தைக் காண்கின்றனர். அந்தச் சமாதானத்துக்கு விலையாக மனித குலம் தன் படைப்பாற்றலை இழக்கின்றது. இறுதியிற் தன் பிள்ளைகளையும் இழக்கின்றது. மேலிருந்து இறக்கப்படும் அமைதி எத்தகையது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன நாவல்கள் குறைவு.

2007 டிசெம்பரில், தொண்ணூறாவது பிறந்த தினத்தையொட்டி வெளியிட்ட ஒளிப்பதிவுச் செய்தியில் கிளார்க் மூன்று ஆசைகளைக் கூறினார். வேற்றுலக உயிர்களுக்கு ஆதாரம் கிடைக்க வேண்டும். உலகம் எண்ணெயிற் தங்கியிருப்பதை விட்டுத் தூய சக்திக்கு மாற வேண்டும். தாம் தாயகமாக ஏற்ற இலங்கையில் நிலையான சமாதானம் மலர வேண்டும். இங்கு வாழ்ந்த காலத்திற் பாதியை இந்த மோதலின் சாட்சியாகவே கழித்ததாகவும், சமாதானம் வெறுமனே விரும்புவதால் வராது, உழைப்பும் துணிவும் விடாமுயற்சியும் வேண்டும் என்றும் அவர் சொன்னார். வழமையாக ஆண்டும் உயரமும் தூரமும் குறித்து எழுதியவர், இதற்கு ஆண்டு எதனையும் குறிக்கவில்லை.

அடுத்த மாதமே, 2008 ஜனவரியில், 2002ஆம் ஆண்டின் யுத்த நிறுத்த உடன்படிக்கை முறைப்படி முடிவுக்கு வந்தது. யுத்தம் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அதற்குப் பின்னரும் வீதியோரங்களிற் புகைப்படங்களுடன் அமர்ந்திருந்தனர். 2019க்குப் பின் முஸ்லிம்கள் அனுபவித்தவற்றையும் வாசகர்கள் அறிவர். கிளார்க் இவற்றைக் காணவில்லை. எந்த மதத்தின் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்திருந்தபடியே, 2008 மார்ச் 22ஆம் திகதி கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன் விபத்தில் இறந்த நண்பர் லெஸ்லி ஏக்கநாயக்கவின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவலை அவர் சமர்ப்பணம் செய்திருந்ததும் அந்த நண்பருக்கே.