வீட்டை இழுத்துக்கொண்டு மலையேறினோம்

சித்திரை பிறந்துவிட்டால் வெள்ளவத்தையில் வாழும் நம்மவர்களுக்கு நுவரெலியாவின் ஞாபகம் வந்துவிடுகிறது. கடற்காற்றுங்கூட அனலாக வீசும் காலம், பாடசாலைகளுக்கோ விடுமுறை. ஆனால் அந்த நாட்களில் நுவரெலியாவில் நல்ல அறை ஒன்று கிடைப்பது நல்ல மாப்பிள்ளை கிடைப்பதிலும் அரிது. கிடைத்தாலும் கேட்கும் தொகையைக் கேட்டுக் குளிர் அங்கேயே பிடித்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நம் நண்பர். அவரிடம் வியாபாரத்துக்கென ஒரு பிக்கப் வாகனம் உண்டு. "அறையைத் தேடுவானேன்? வீட்டையே பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போவோமே!" என்றார். மேல்நாட்டார் கரவன் என்று சொல்லும் இழுவை வீடு ஒன்றையும் எங்கோ தேடிப் பிடித்துவிட்டார். இரண்டு சில்லுகள், நான்கு படுக்கைகள், ஒரு சிறு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. குழந்தைகள் அதைப் புஷ்பக விமானமாகவே கருதிவிட்டார்கள்.

யோசனை புதிதன்று. 1885 ஆம் ஆண்டிலேயே கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற வைத்தியர், ஏறத்தாழ இரண்டு தொன் நிறையுள்ள வண்டி வீடொன்றை இரு குதிரைகள் இழுக்க, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வர்னஸ் வரை சென்றார். வீதியில் எதிரே என்ன வருகிறதென்று பார்த்துச் சொல்ல, முச்சில்லு மிதிவண்டியில் ஒரு பணியாளை முன்னே அனுப்பினாராம்! 1959 இல் அமெரிக்கக் குடும்பங்கள் பல, 41 இழுவை வீடுகளைப் பெரும்பாலும் பிக்கப் வாகனங்களிற் பூட்டிக்கொண்டு கேப் டவுனிலிருந்து புறப்பட்டு, எத்தியோப்பிய மலைகளையும் கடந்து, மறு ஆண்டு கெய்ரோவை அடைந்தன. நம் நண்பரை மயக்கியது இந்த இரண்டாவது கதைதான். ஆபிரிக்காவையே கடந்தார்களென்றால் றம்பொடையைக் கடப்பது எம்மாத்திரம் என்பது அவர் வாதம்.

அதிகாலை நான்கு மணிக்குக் காலி வீதியிற் புறப்பட்டோம். களனிப் பாலத்தைத் தாண்டி வேகம் சற்றுக் கூடியதும் பின்னாலிருந்த வீடு பாம்பு நெளிவதுபோல இரு பக்கமும் ஆடத் தொடங்கிற்று. பிக்கப்பையும் அது தன்னோடு சேர்த்து ஆட்டியது. நல்ல வேளையாக நண்பர் பதறிப் பிரேக்கை மிதிக்கவில்லை. அப்படி மிதித்திருந்தால் பின்வண்டி முன்வண்டியைத் தள்ளி, இரண்டும் கத்தரிக்கோல்போல மடிந்திருக்கும். ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி வேகத்தை மெல்லத் தளர்த்தினார், ஆட்டம் நின்றது.

குற்றம் வண்டியினுடையதன்று, நம்முடையதே. அரிசி, பாத்திரம், தண்ணீர்க் கலன்கள் எல்லாவற்றையும் பின்கதவுக்கு அருகில் அடுக்கியிருந்தோம். இழுவை வண்டியின் நிறையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல், முன்னேயுள்ள கொளுவியின் மீது அழுந்த வேண்டும். பின்பாரம் மிகுந்தால் கொளுவி மேலே தூக்கப்படும். அப்போது வீடு வாலாட்டாமல் என்ன செய்யும்? நிட்டம்புவையில் நிறுத்தி, பாரமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னே, தரையோடு தரையாக அடுக்கினோம். கொளுவி கழன்றாலும் வண்டி ஓடிவிடாதபடி இருக்கும் இரு சங்கிலிகளையும் குறுக்காக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அதன்பின் ஆட்டமே இல்லை.

கடுகண்ணாவையை அடைந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டி போகத்தக்க வீதியொன்று வேண்டுமென்று தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் 1820 இல் ஆரம்பித்த வேலையின் பெருமை இந்த ஏற்றத்திலேதான் தெரியும். வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829 இல் இறந்தார். அவர் நினைவாக 1832 இல் எழுப்பிய கோபுரம் இன்றும் மேலே நிற்கிறது. பழைய வீதி நுழைந்து சென்ற குடைந்த பாறையைக் குழந்தைகளுக்குக் காட்டினோம். கோப்பி மூடைகளோடு இவ்வழியே இறங்கிய மாட்டுவண்டிகளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஏறும்போது மாடு களைத்தால் சில்லுக்குப் பின்னே ஒரு கட்டை வைத்து இளைப்பாறலாம். இறங்கும்போது பாரமெல்லாம் மாட்டின் கழுத்தின் மேலல்லவா வந்து விழும்!

ரயில்வேக்காரர்களும் இந்த மலையை அலட்சியமாக எண்ணியதில்லை. 1867 இல் கண்டிக்குச் சென்ற ரயில் பாதை இங்கே 45 அடி முன்னேறினால் ஓர் அடி உயர்கிறது. இது கேட்பதற்குச் சிறிதாக இருக்கும்; இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் ஏறுவதற்கோ மிகப் பெரிது. அதனால்தான் பாரமான ரயில்களுக்கு ரம்புக்கனையில் பின்னால் இன்னோர் எஞ்சினைச் சேர்த்துத் தள்ளிவிடும் வழக்கம் ஏற்பட்டது.

நமக்குப் பின்னால் தள்ளுவார் இல்லை. பேராதனையில் திரும்பிக் கம்பளை, புசல்லாவை வழியாக ஏறினோம். பிக்கப்பும் ஆட்களும் இரண்டு தொன், வீடும் சாமான்களும் ஒரு தொன். றம்பொடை வளைவுகளில் எஞ்சின் முனகத் தொடங்கியது. உயரம் செல்லச் செல்லக் காற்று ஐதாவதே இதற்கு ஒரு காரணம். கடல்மட்டத்தில் எஞ்சின் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நுவரெலியாவில் குறைந்துவிடுகிறது. சுழலியால் காற்றை அமுக்கி ஊட்டும் எஞ்சின்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. வளைவுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இழுவை வண்டியின் சில்லுகள் முன்வண்டியின் தடத்தில் வருவதில்லை. உட்பக்கமாகக் குறுக்கு வழி தேடும். ஆகவே வளைவை அகலமாக எடுக்காவிட்டால் வீடு கானுக்குள் இறங்கிவிடும்.

எப்படியோ, மாலைக்குள் 1,868 மீற்றர் உயரத்தை எட்டிவிட்டோம். மூன்று நாள் மகிழ்ச்சியாகக் கழிந்தது. அரிசிதான் வேக நேரமெடுத்தது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அடுப்படியில் இருந்தவர்கள் அடுப்பைக் குறை கூறினார்கள்.

உண்மையான பரீட்சை திரும்பும்போதுதான் வந்தது. "ஏறுவதுதானே கஷ்டம், இனிப் பள்ளந்தானே" என்று நண்பர் உற்சாகமாகப் பாடிக்கொண்டே இறங்கினார். தேயிலைத் தோட்டங்களின் நடுவே, மேல் கியரில், காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமலே நாலைந்து மைல் வந்திருப்போம். கருகிய நாற்றம் ஒன்று வீசியது. தோட்டத்தில் ஏதோ எரிக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தோம். அடுத்த வளைவில் நண்பரின் பாட்டு நின்றது. பிரேக் கட்டை வழக்கத்திலும் அதிக தூரம் கீழே போயிற்று. வண்டி அதற்கேற்ப நிற்கவில்லை. நண்பரின் முகத்தைப் பார்த்தோம். அவர் நம்மைப் பார்க்கவில்லை. கியரைக் குறைத்து, மண்பக்கமாக ஒதுக்கி, எப்படியோ அகலமான ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். பின்னால் குழந்தைகள் ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சில்லுகளிலிருந்து புகை வந்தது. பெரியவன் தண்ணீர்க் கலனோடு ஓடினான். அவ்விடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லொறிச் சாரதி ஒருவர், தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்து முப்பது வருஷம் அந்த வீதியில் ஓட்டியவர், "தம்பி, ஊத்தாத! சூட்டுல தண்ணி பட்டா எரும்பு வெடிச்சுப்போகும்" என்று தடுத்தார். கைப் பிரேக்கையும் இறுக்க விடவில்லை. நாலு கல்லை எடுத்துச் சில்லுகளுக்கு முன்னே வைத்தார். பிறகு நண்பரிடம், "ஐயா, எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லதான் எறங்கணும். பிரேக்கு நிப்பாட்டுறதுக்கு, புடிச்சிக்கிட்டே வர்றதுக்கு இல்லீங்க" என்றார்.

ஊர்க் கோயிலில் தேர் இழுப்பதைப் பார்த்திருக்கிறோம். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில். எல்லார் கண்ணும் அவர்கள் மேலேதான். சில்லுக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரை அடக்கித் திருப்புபவர்கள் சிலரே. அவர்கள் முகம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அந்தச் சாரதி கல் வைத்தபோது அந்த ஞாபகமே வந்தது.

விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 3,000 கிலோகிராம் நிறை, நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்குகிறது. வேகம் கூடாமல் இறங்கவேண்டுமானால் நான்கு கோடி யூலுக்கு மேற்பட்ட சக்தி எங்காவது போயாக வேண்டும். அது 130 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கலியாண வீட்டுக் கிடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியைக் காற்றும் வீதியும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதையும் உள்ளங்கையளவான பிரேக் கட்டைகள் சில தாங்க வேண்டுமென்றால் அவை என்னாகும்? சூடேறி உராய்வை இழக்கும். குழாய்களிலுள்ள பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அது எளிதிற் கொதித்து ஆவியாகும். ஆவியை அமுக்கலாம், ஆனால் அது சில்லை அமுக்காது. மிதித்த கால் வெறுமனே கீழே போவது இதனால்தான். கீழ் கியரிலோ எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கிறது. பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கிறது.

நம் இழுவை வீட்டிலும் பிரேக் உண்டு. பின்வண்டி முன்வண்டியை முட்டும்போது தானே பிடிக்கும் வகை அது. சமதரைக்கு அது நல்ல ஏற்பாடு. நீண்ட இறக்கத்திலோ முட்டுவது ஓயாது. ஆகவே பிடிப்பதும் ஓயாது. கீழ் கியரில் வந்தாலும் இடையிடையே நிறுத்தி ஆறவிடத்தான் வேண்டும்.

இவ்வளவையும் ஏன் விவரிக்கிறோம் என்று சிலர் கேட்கலாம். 2023 சனவரி 20 ஆந் திகதி நானுஓயா ரதெல்லைக் குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து சுற்றுலா சென்ற பாடசாலை மாணவர்களின் பஸ் வேனொன்றோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் ஏழு பேர் மாண்டனர். வேனில் வந்தவர்களும் முச்சக்கர வண்டிச் சாரதியும் அவர்கள். 2025 மே 11 ஆந் திகதி விடியுமுன், கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் றம்பொடை கெரண்டியெல்லையில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. அதை ஆராய்வது நம் வேலையன்று. ஆனால் நாம் கல் வைத்து நின்ற இடமும் அதே மலைத்தொடரின் இறக்கந்தான். அந்தச் செய்திகளைப் படித்த இரு நாட்களும் நண்பர் தொலைபேசியிற் கூப்பிட்டார். இருவருமே அதிகம் பேசவில்லை.

அன்று ஒரு மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாம் கியரிற் புறப்பட்டோம். லொறிச் சாரதி முன்னே போனார். அவர் சிவப்பு விளக்கு எரிவதே அபூர்வமாக இருந்தது. பின்னால் கார்கள் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தன. அகலமான இடம் வந்தபோதெல்லாம் ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டோம். ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிடுவது மலைவீதியின் பழைய மரியாதை, அதையும் மறக்கவில்லை. கம்பளைக்கு வந்து சேர, ஏறியதிலும் கூடுதல் நேரம் பிடித்தது. அங்கே அந்தச் சாரதிக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்கத் தேடினோம். அவர் நிற்காமலே கண்டிப் பக்கம் போய்விட்டிருந்தார்.

இப்போது போக நினைப்பவர்கள் வீதி நிலைமையை முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலைநாட்டு வீதிகளைப் பல இடங்களிற் சிதைத்துவிட்டன.

வெள்ளவத்தைக்கு வந்தபோது இரவு பத்து மணி. நம் ஒழுங்கை ஒடுங்கியது. அதற்குள் வீட்டைப் பின்பக்கமாகச் செலுத்த வேண்டும். இழுவை வண்டியைப் பின்னெடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போகும். ஆறு தடவை முயன்றோம். அயலவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னல்களில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஏழாந் தடவை மதில் உரசியது. அம்மம்மா வாசலுக்கு வந்து பார்த்தா. "தம்பி, அந்த வீட்டை றோட்டிலையே விட்டிட்டு, இந்த வீட்டுக்குள்ளை வாங்கோ. சோறு ஆறுது" என்றா.