ஒரு புற்றுநோய் மாறியபின் இன்னொன்று வருமா?

வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுச் சுகமான ஒருவருக்குப் பல ஆண்டுகளின் பின் உணவுக் குழாயில் புற்றுநோய் காணப்படலாம். "பழைய வருத்தம் திரும்பிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்று வீட்டார் மனமுடைவர். ஆனால் அது முற்றிலும் புதிய நோயாகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எமது பூசணிக் கொடி வேலி தாண்டி அயல் காணியில் காய்த்தாலும் அது அதே கொடிதான். பழைய நோய் பரவுவது இப்படியே. அங்கே வேறொரு விதை தானாக முளைத்தால் அது வேறு கொடி. இரண்டாவது புற்றுநோய் அத்தகையது. எது என்பதைச் சிறு தசைத்துண்டு எடுத்துச் சோதித்தே வைத்தியர் தீர்மானிப்பார். புதிய நோயை நேரத்துடன் கண்டால் அதையும் மாற்ற வாய்ப்புண்டு.

ஏன் வருகிறது?

முதலாவது, பழைய காரணம் நீங்காமை. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையுடன் போடும் புகையிலையும் பாக்கும் வாய், தொண்டை முழுவதையும் கெடுக்கின்றன. 1953 இல் சிலோட்டர் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடன் ஆராய்ந்தோரும் இதனை ஒரு வயலுக்கு ஒப்பிட்டனர். ஒரு மூலையில் களை பிடுங்கினாலும் மண்ணில் விதை கிடந்தால் மறு மூலையில் முளைக்கும். பாக்குத் தனியாகவும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 2004 இல் உலக ஆய்வாளரால் உறுதிசெய்யப்பட்டது.

இரண்டாவது, சிகிச்சை. கதிர்ச் சிகிச்சையும் சில மருந்துகளும் பல ஆண்டுகளின் பின் சிலருக்கு வேறு புற்றுநோயை ஏற்படுத்தலாம். இதற்கு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிடக் கூடாது. அதனால் கிடைக்கும் நன்மையே மிகப் பெரிது.

மூன்றாவது, பரம்பரையும் முதுமையும்.

நாம் செய்யவேண்டியவை

வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டு, மதுவை அடியோடு விடுவோம். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையில் ஆறாத புண், விழுங்கக் கஷ்டம், மார்பில் கட்டி, காரணமின்றி மெலிதல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போவோம். எந்த வைத்தியரிடம் போனாலும், "எனக்கு முன்பு புற்றுநோய் வந்தது" என்று முதலில் சொல்வோம்.

2009 இல் இடம்பெயர்ந்தபோது எம்மிற் பலர் கிளினிக் கொப்பியையும் இழந்தோம். உடலின் எப்பகுதிக்குக் கதிர் கொடுத்தார்கள், என்ன மருந்து ஏற்றினார்கள் என்பது புதிய வைத்தியருக்குத் தெரியவேண்டும். மகரகமவிலோ 2013 இல் திறக்கப்பட்ட தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ சிகிச்சை பெற்றவர்கள் அங்கே தமது பதிவை விசாரிக்கலாம். நினைவிலுள்ள ஆண்டையும் இடத்தையுமாவது ஒரு தாளில் எழுதி, காணி உறுதியோடு பொலித்தீன் பையில் வைப்போம். உறுதி காணியைக் காக்கும். அந்தத் தாள் உயிரைக் காக்க உதவும்.