வயலைத் தொடாமல் வளருமா வீரபாண்டி?

தேனி மாவட்டத்தில் மாநகராட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் 53.8 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் வசிப்பவர்கள். அப்போது தமிழ்நாட்டின் சராசரியே 48.4 சதவீதம்தான். சென்னை, கோவை மாதிரி ஒரு பெருநகரம் இல்லாமலே மாநிலச் சராசரியை இந்த மாவட்டம் தாண்டியதற்குக் காரணம், அதன் ஆறு நகராட்சிகளும் 22 பேரூராட்சிகளும். பெரியகுளத்தில் பிடித்தால் கூடலூர் வரை, ஒரு ஊரின் கடைசிக் கடைக்கும் அடுத்த ஊரின் முதல் கடைக்கும் நடுவே வயலோ தோப்போ மிச்சமிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நகர வாழ்க்கை இப்படிச் சின்னச் சின்ன ஊர்களில்தான் நடக்கிறது.

அந்த 22 பேரூராட்சிகளில் ஒன்று வீரபாண்டி. தேனியிலிருந்து கம்பம் போகும் வழியில் சுமார் எட்டு கிலோமீட்டர். முல்லைப் பெரியாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில், பக்கத்தில் கண்ணீஸ்வரமுடையார் கோயில், ஆற்றில் தடுப்பணை. பார்வை இழந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியன் இங்கே வழிபட்டுப் பார்வை பெற்றான் என்பது தலவரலாறு. சித்திரைத் திருவிழாவுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து லட்சக்கணக்கில் கூட்டம் வரும். மற்ற நாட்களில் கோயில் தெரு, பஸ் நிறுத்தம், மெயின்ரோட்டுக் கடைகள் என்று நடந்தே சுற்றிவரக்கூடிய சிறிய ஊர்.

இந்தச் சிறிய ஊரை இப்போது மூன்று பக்கமிருந்தும் மாற்றங்கள் நெருக்குகின்றன. 1997-ல் மாவட்டத் தலைநகரானதிலிருந்து தேனி தெற்கே பழனிசெட்டிபட்டியைத் தாண்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது. வீரபாண்டியை அடுத்த தப்புக்குண்டு பக்கம் கால்நடை மருத்துவக் கல்லூரியும் சட்டக் கல்லூரியும் வந்துவிட்டன. 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன மதுரை ரயில், 2022 மே 26 முதல் தேனிக்கும் 2023 ஜூன் 15 முதல் போடிக்கும் மறுபடி ஓடுகிறது. மாணவர்களுக்கு அறை வேண்டும், ஆசிரியர்களுக்கு வாடகை வீடு வேண்டும், தேனியில் சென்ட் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு மனை வேண்டும். ஆக, வீரபாண்டி வளரத்தான் போகிறது. எந்தப் பக்கம் வளரும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

சுலபமான பக்கம் வயல்தான். ஆனால் அந்த வயல் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அதன் தண்ணீரில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் பாசனம் பெறுகிறது. அணையில் நீர் போதுமான ஆண்டுகளில் ஜூன் முதல் தேதியே முதல் போகத்துக்கு மதகு திறந்துவிடுவார்கள். இதில் உத்தமபாளையம் வட்டத்தின் பங்கு 11,807 ஏக்கர், போடி வட்டத்துக்கு 488. தேனி வட்டத்துக்கு 2,412 ஏக்கர்தான். வீரபாண்டி வருவது இந்தக் கடைசிக் கணக்கில். பாசனத்தின் கடைமடையும் இதுதான், தேனி நகரத்தின் வளர்ச்சி முதலில் வந்து முட்டுவதும் இங்கேதான்.

நஞ்சையில் பிளாட் போடுவது ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. முதலில் ஒரு போகம் நடவு நிற்கும். அடுத்த வருஷம் கருவேலம் முளைக்கும். பிறகு டிப்பரில் செம்மண் வந்து இறங்கும். பக்கத்து வரப்பைவிட இரண்டு மூன்றடி உயரத்துக்கு மேடு ஏறும். வயலுக்கு வயல் போன கிளை வாய்க்காலின் மேல் ஒரு சிமென்ட் குழாயைப் போட்டுப் பாதை அமைப்பார்கள். முதல் மழையிலேயே குழாயில் சேறும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொள்ளும். மேல் வயலில் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகும், கீழ் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. கீழ் வயல்காரர் இரண்டு போகம் பொறுத்துப் பார்ப்பார், மூன்றாவது போகத்தில் புரோக்கரிடம் சொல்லி வைப்பார். ஒரு ஏக்கரில் மனை போட்டால் அந்த ஒரு ஏக்கரோடு நிற்பதில்லை என்று விவசாயிகள் சொல்வது இதனால்தான்.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா? ஓரளவு தடுத்தது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு முழுக்க ரியல் எஸ்டேட்டே சில மாதம் உறைந்துபோனது. பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வழி செய்தார்கள். அன்றிலிருந்து மனை வாங்குகிறவர்கள் “அப்ரூவல் இருக்கா?” என்று கேட்கப் பழகியிருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அப்ரூவல் என்பது சாலை அகலம், பொது இடம், மனைப்பிரிவு வரைபடம் ஆகியவற்றைப் பற்றியது. அந்த நிலம் இருபோக நஞ்சையாகவே இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி, ஊரமைப்புத் திட்டத்தில் அந்த இடத்துக்கு என்ன பயன்பாடு குறித்திருக்கிறார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது.

இனி இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். சாலைக்கும் பொது இடத்துக்கும் விட்டது போகத் தோராயமாக 60 சென்ட் விற்பனைக்கு நிற்கும். மூன்று சென்ட் மனையாகப் பிரித்தால் 20 வீடு. அதே 20 குடும்பத்தை ஊருக்குள் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? மூன்று சென்ட் என்பது சுமார் 1,307 சதுர அடி. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரமல்லாத கட்டடங்களுக்கு மனையின் பரப்பைப்போல இரண்டு மடங்கு தளப்பரப்பை அனுமதிக்கின்றன. அதாவது சுமார் 2,600 சதுர அடி. கீழே கடை, மேலே இரண்டு வீடு தாராளமாக வரும். அப்படிப் பத்துக் கட்டடம், மொத்தம் 30 சென்ட். புதுச் சாலை தேவையில்லை, தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் எல்லாம் நடை தூரம். நிஜத்தில் கணக்கு இவ்வளவு நேராக வராது, ஆனாலும் வித்தியாசம் பெரிது.

ஊரின் நடுவை நெருக்கமாகவும் உயிரோட்டமாகவும் ஆக்குவது என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அமெரிக்காவில் இது வேறு காரணத்தால் வந்தது. 1956-ல் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் சவுத்டேல் என்ற குளிரூட்டப்பட்ட அங்காடி வளாகம் திறந்தது. அதே பாணியில் நாடெங்கும் வளாகங்கள் எழும்பின. காரில் போய்ப் பொருள் வாங்கும் பழக்கத்தில் பழைய கடைத்தெருக்கள் பாழடைந்தன. புறநகர்களில் வீடுகள் மட்டும் இருந்தன, நடு என்று ஒன்றே இல்லை. இப்போது அதே புறநகர்கள் காசு செலவழித்துக் கடைத்தெருவைக் கட்டுகின்றன. கட்டடம் கட்டினால் இத்தனை கார் நிறுத்தக் கட்டாயம் இடம் விட வேண்டும் என்ற விதியை பஃபலோ நகரம் 2017-ல் நீக்கியேவிட்டது. நம் ஊர்களுக்கு அந்தப் பாடு இல்லை. நம்மிடம் நடு இருக்கிறது. கோயில், சந்தை, பஸ் நிறுத்தம் என்று பல தலைமுறையாகச் சேர்ந்த நடு. அதைப் பராமரிக்காமல் விட்டுவிட்டு வெளியே ஓடுவதுதான் நம் சிக்கல்.

அந்த ஓட்டத்தை அரசே சில சமயம் தொடங்கிவைக்கிறது. தமிழ்நாட்டில் ஊர் நெரிசலுக்கு நமக்குத் தெரிந்த மருந்து, பஸ் ஸ்டாண்டை வெளியே கொண்டுபோவது. சென்னையில் 2002-ல் கோயம்பேடு, 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம், திருச்சியில் 2025-ல் பஞ்சப்பூர். தேனியிலும் பைபாஸ் சாலையில் கர்னல் பென்னிகுக் பெயரில் புது பஸ் ஸ்டாண்டு வந்தது. வெளியூர்ப் பஸ்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு போன இடத்துக்கு ஓட்டல் போகும், லாட்ஜ் போகும், பிறகு வழியெல்லாம் மனை. பஸ் விட்டு இறங்கிப் பழைய கடைத்தெருவுக்குப் போக ஒரு ஆட்டோ செலவு கூடும்.

நடுவையே சீராக்கிப் பார்த்த உதாரணமும் நம்மிடம் உண்டு. சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகல நடைபாதை திறந்தார்கள். கார் குறைந்தால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் அங்கே எழுந்தது. இன்றைக்குச் சாயங்காலம் போய்ப் பார்த்தால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மதுரையில் மாசி வீதிகளையும் பெரியார் பஸ் ஸ்டாண்டையும் சீரமைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு 2021 டிசம்பரில்தான் திறந்தது. வேலை நடந்த காலத்தில் சுற்றியிருந்த சிறு கடைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீரபாண்டி போன்ற ஊர் மதுரையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முக்கியமாக இதுதான்: தெருவைத் தோண்டினால் துண்டு துண்டாகத் தோண்ட வேண்டும், தோண்டியதைச் சீக்கிரம் மூட வேண்டும்.

உண்மையில் வீரபாண்டிக்குப் பாண்டி பஜார் வரை போகவே தேவையில்லை. வருஷா வருஷம் சித்திரையில் எட்டு நாள் இந்த ஊர் தன்னையே நடப்பவர்களுக்கான நகரமாக மாற்றிக்கொள்கிறது. கம்பம் நட்டு, ஆற்றுத் தண்ணீர் ஊற்றி விழா தொடங்கிவிட்டால், அக்னிச்சட்டி எடுப்பவர்களும் ஆயிரங்கண் பானை சுமப்பவர்களும் உடம்பெல்லாம் சேறு பூசிய சேத்தாண்டி வேடக்காரர்களும் ராத்திரி பகலாகத் தெருவில்தான் நடப்பார்கள். வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்கள். தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள், தற்காலிகக் கழிப்பறை கட்டுகிறார்கள், விளக்குப் போடுகிறார்கள். எந்த இடத்தில் கூட்டம் நெருக்கும், எங்கே ஒதுங்க நிழல் வேண்டும், ஆற்றுக்குப் போகும் வழியில் எங்கே கால் வழுக்கும் என்று பேரூராட்சிப் பணியாளர்களுக்கும் கோயில்காரர்களுக்கும் போலீசாருக்கும் மனப்பாடம். விழா முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். ஆடி வெள்ளிக்கு வரும் பெண்கள் கழிப்பறை தேடி அலைகிறார்கள். எட்டு நாள் வசதியில் கால்வாசியை நிரந்தரமாக்கினாலே நடு ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். இதை நான் முதல் வேலையாக வைப்பேன்.

அடுத்தது மாடி. நடு ஊரில் மாடி ஏறாததற்கு ஆசைக் குறைவு காரணமில்லை. பல ஓட்டு வீடுகள் பூட்டிக் கிடப்பது, பட்டா இன்னும் தாத்தா பேரில் இருப்பதால். பங்காளிகளில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில் இருப்பார். பாகம் பிரியாமல் யாரும் செங்கல் எடுத்து வைக்க மாட்டார்கள். அடுத்த தடை விதிகள். 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையில் உடனடிக் கட்டட அனுமதி கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் அலைய வேண்டாம். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் கொண்டுவந்தபோது அது குடியிருப்புகளுக்கு மட்டும்தான். கீழே மளிகைக்கடை, மேலே வீடு என்று நம் கடைத்தெருக்கள் காலங்காலமாக இருந்து வந்த கட்டடத்துக்கு அப்போது அந்தச் சலுகை கிடைக்கவில்லை. வயலில் தனி வீடு கட்டுகிறவருக்கு ஒரு நாளில் அனுமதி, கோயில் தெருவில் கடையோடு வீடு கட்டுகிறவருக்குப் பழைய வரிசை. பேரூராட்சிகளின் மையப் பகுதிக்காவது இந்தச் சலுகையை அரசு நீட்டிக்க வேண்டும். பக்கத்துச் சுவரோடு சுவராகக் கட்ட அனுமதிக்கும் தொடர் கட்டடப் பகுதி என்ற ஏற்பாடும் 2019 விதிகளிலேயே இருக்கிறது. பழைய கடைத்தெருக்களை அப்படி அறிவித்தால், மூன்று சென்டில் நாலு பக்கமும் இடம் விட்டுவிட்டு நடுவில் அலமாரி போல வீடு கட்டும் நிலை வராது.

மாடி ஏறினால் கழிவுநீரும் கூடும். இதைப் பேசாமல் நகரத்தைப் பற்றிப் பேசக்கூடாது. சிற்றூர்களில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை இல்லை, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். மூன்று சென்டில் மூன்று குடும்பம் புழங்கினால் டேங்க் சீக்கிரம் நிறையும். லாரி கூப்பிடக் காசில்லாத வீட்டில் அது தெருச் சாக்கடையில் வழியும், சாக்கடை வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் ஆற்றுக்குப் போகும். பக்தர்கள் குளிக்கும் ஆறு, வயலுக்குப் பாயும் தண்ணீர். எனவே நாலு தெருவுக்கு ஒரு பொதுச் சுத்திகரிப்பு, லாரிகள் கொண்டு கொட்டும் கசடைப் பதப்படுத்த பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒரு நிலையம் என்று ஏற்பாடு செய்த பிறகே மாடிக்கு ஊக்கம் தர வேண்டும். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்ற நிதியைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் இது. வணிக வளாகத்துக்குக் கேட்பது வேண்டாம். பேரூராட்சி வளாகத்தில் கடை எடுக்க ஆள் இல்லாமல் ஷட்டர் துருப்பிடித்துக் கிடப்பதைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று.

நடு ஊர் சீரானால் வாடகை ஏறும். அப்போது முதலில் வெளியே தள்ளப்படுபவர்கள் பூக்கட்டும் பெண்களும் தேங்காய், பழத் தட்டுக் கடைக்காரர்களும்தான். அவர்களுக்காக 2014-லேயே தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்துவிட்டது. ஊர் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் உறுப்பினர்கள் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். நடைபாதை போடும் வரைபடத்தில் அவர்களுக்கான இடத்தையும் குறித்துவிட்டால், திறப்புவிழா முடிந்த மறுநாள் கடைகளை அள்ளிப் போகும் லாரி வராது.

நகர் ஊரமைப்புத் துறை ஒரு பகுதிக்கு முழுமைத் திட்டம் தயாரித்தால், வரைவை வெளியிட்டு ஆட்சேபணை சொல்ல மக்களுக்கு அவகாசம் தர வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும், பெரும்பாலானோர் கண்ணில் படாது. அப்படி ஒரு வரைபடம் பார்வைக்கு வரும்போது பழனிசெட்டிபட்டிக்கும் வீரபாண்டிக்கும் நடுவே ஆற்றோரம் என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். விவசாயத்துக்கான நிறமா, குடியிருப்புக்கான நிறமா? வாய்க்கால்கள் கோடாக இருக்கின்றனவா, இல்லாமலே போய்விட்டனவா? கோயில் தெருவுக்குக் கலப்புப் பயன்பாடு தந்திருக்கிறார்களா? தவறாக இருந்தால் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள், தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நிறம் உறுதியான பிறகு போகும் மனுவுக்கு அதிகாரிகளிடம் பதில் தயாராக இருக்கும்.